இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள்

“குதிகால கீழ வை கண்ணு. நான் கேட்டது உன் உசரம், உன் ஆசையோட உசரம் இல்ல.”

சொல்லிக்கொண்டே அந்தக் குட்டிப் பெண்ணின் உச்சந்தலையில் மரச்சட்டத்தைப் படுக்கை வாட்டில் வைத்து அழுத்தினாள் அளவக்கா. குழந்தை உச்சியில் கொண்டை போட்டு வந்திருந்தது. போட்டுவிட்டது அதன் அம்மா. எதற்காகப் போட்டாள் என்று அளவக்காவுக்குத் தெரியாதா என்ன? சட்டத்தால் லேசாக ஒரு தட்டு. கொண்டை அமுங்கியது. சட்டத்தின் மறுமுனை, ஒட்டுப்பலகையில் வெட்டி நிறுத்திய ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலிருந்த சிவப்புக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே நின்றது. குழந்தையின் உதடு பிதுங்க ஆரம்பித்தது. உடனே அவள் அதன் காதருகே குனிந்து, ரகசியம் பேசுகிற குரலில், “அந்த நீரூற்ற ஒரு சுத்து சுத்திட்டு வா, பாக்கலாம். ஓடுனா கால் நீளும்” என்றாள். அழுகை பாதியில் நின்றது. குழந்தை ஓடியது.

பொழுதுபோக்குப் பூங்காவின் குடும்பப் பகுதியில், கம்பளிப்பூச்சி ரயிலின் வாசலில், பத்தொன்பது வருடமாக அவள் பார்க்கும் வேலை இதுதான். ரயில் என்பது சும்மா பேருக்கு. எட்டுப் பெட்டி, ஒரு மேடு, ஒரு இறக்கம். ஆனால் மேட்டில் திரும்பும்போது ஒரு குலுக்கல் உண்டு. மடிக்குக் குறுக்கே விழும் இரும்புக் கம்பி சிவப்புக் கோட்டைத் தாண்டி வளர்ந்த பிள்ளையைத்தான் இறுக்கிப் பிடிக்கும். வளராத பிள்ளை அந்தக் குலுக்கலில் அடியில் நழுவிவிடும். இதைப் பெற்றவர்களுக்கு விளக்கி மாளாது. “ஒரு விரக்கடைதானேம்மா, கண்டுக்காம விடுங்க” என்று அப்பாக்கள் பல்லைக் காட்டுவார்கள். “அந்த ஒரு விரக்கடைக்குத்தான் சார் என்ன இங்க நிக்க வெச்சிருக்காங்க” என்பாள். அதற்கு மேல் பேச்சு இல்லை.

அவளே நாலேமுக்கால் அடி உயரம்தான். “நான் வளராம நின்னதாலதான் இந்த வேலை கெடச்சுது. மத்தவங்க முழுசாக் குனியணும், நான் பாதி குனிஞ்சாப் போதும்” என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள். கிண்டல் செய்யும் வேலையை அடுத்தவர்களுக்கு வைக்கமாட்டாள்.

மனிதர்களை மேலிருந்து பார்த்தே பழகியவள் என்பதால் முகம் அவளுக்கு மறந்துபோகும், உச்சந்தலை மறக்காது. தையல் போட்ட தழும்பு, கோணல் வகிடு, பேன், பொடுகு, அவசரத்தில் அலசாமல் விட்ட சோப்பு என்று ஒவ்வொரு வீட்டின் லட்சணமும் அவள் கண்ணுக்குக் கீழே வரிசையில் வரும். ஒருநாள் ஆறடி வாலிபன் ஒருவன் தோளில் கைக்குழந்தையோடு வந்து, “என்னத் தெரியுதாக்கா?” என்றான். அண்ணாந்து பார்த்தாள், தெரியவில்லை. “குனி” என்றாள். குனிந்தான். “அட, ரெட்டைச்சுழி! ஒரே நாள்ல ஒம்போது தடவ வந்து என் உசுர வாங்குனவன்ல்ல நீ!” என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். கட்டியவளின் முன்னால் குட்டு வாங்கிக்கொண்டு அவனும் பல் தெரியச் சிரித்தான்.

ஒன்பது தடவை வந்தானென்றால் அவனாக வரவில்லை. அவள் வரச் சொன்னாள். ‘ஒரு சுத்து சுத்திட்டு வா’ என்பது பூங்கா சொல்லிக் கொடுத்த வாசகம் அல்ல, அவளே கண்டுபிடித்தது. முடியாது என்று ஒரேயடியாகச் சொன்னால் பிள்ளை தரையில் விழுந்து புரளும். அதனால் அவள் அந்த ‘முடியாது’வை ஐந்தாறு துண்டாக நறுக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். ஓடிவந்து நிற்கும் பிள்ளையை ஒவ்வொரு தடவையும் புதிதாக வந்ததைப் போலவே அளப்பாள். “கொஞ்சம் வளந்திருக்க. இன்னும் பத்தல. இன்னொரு சுத்து.” ஐந்தாவது சுற்றில் பிள்ளைக்கு மூச்சு வாங்கும்; ரயில் மறந்து தாகம் எடுக்கும்; அப்பா தண்ணீர் வாங்கித் தர இழுத்துக்கொண்டு போவார். கண்ணீர் இல்லாமல் காரியம் முடிந்துவிடும்.

போன மாதம் வரைக்கும் இப்படித்தான் இருந்தது.

போன வருடம், குடும்பப் பகுதியைப் புதுப்பித்து விரிவாக்கப் போகிறோம் என்று பேச்சு எழுந்தபோது, திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கோடைக்கு ஏற்ற பருத்திச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, நல்ல மரியாதையான பெண். உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் எண்ணும் கருவியை அளவக்காவிடம் கொடுத்தாள். மேலே ஒரு பொத்தான், அமுக்கினால் ஓர் எண் கூடும். “ஒவ்வொரு தடவ கொழந்தையத் திருப்பி அனுப்பும்போதும் ஒரு அமுக்கு, அவ்வளவுதாம்மா. ஆறு வாரம் செய்ங்க. வெளிய தெரிய வேண்டாம். எண்ணுறது தெரிஞ்சா ஆளுங்க வேற மாதிரி நடந்துக்குவாங்க.” கூட்டம் அதிகம் என்பதால் கம்பளிப்பூச்சி ரயிலில் மட்டும்தான் எண்ணிக்கை. மற்ற ஐந்து ராட்டினங்களுக்கும் இதையே வைத்துக் கணித்துக்கொள்வார்களாம்.

அளவக்கா வலது கையில், கைக்குட்டைக்குள் கருவியை மறைத்துக்கொண்டு ஆறு வாரமும் எண்ணினாள். ஒன்றைக்கூட விடவில்லை. திருப்பி அனுப்பும்போதெல்லாம் என்றால் திருப்பி அனுப்பும்போதெல்லாம்தான். ஒரே பிள்ளை ஆறு தடவை ஓடிவந்தால் ஆறு அமுக்கு. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. எண்ணிக்கை ஏற ஏற உள்ளூரச் சந்தோஷம் வேறு. இத்தனை பிள்ளைகள் வெயிலில் காத்து நிற்பது தெரிந்தால் தலைக்கு மேல் ஒரு கூரை போடமாட்டார்களா என்ற ஆசை.

கடைசி நாள் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு, “இவ்ளோ சுத்தமா யாருக்கா எண்ணுவா? உங்களுக்கு என்ன வேணும், கேளுங்க” என்றார். பத்தொன்பது வருடத்தில் அவளிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள். அவள் கூரையைக் கேட்கவில்லை. “என் மகளுக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்க சார்” என்றாள்.

இந்த இடத்தில் மகளைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. கட்டிக் கொடுத்த இடத்தில் நாலு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, ஒருநாள் ஒற்றைப் பையோடு திரும்பி வந்தவள். வந்தவள் சுவரைப் பார்த்துப் படுத்தாள். பதினான்கு மாதம் படுத்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், குளி என்றால் குளித்தாள், பிறகு திரும்பவும் சுவர். அவள் தலை வைத்த இடத்தில் சுண்ணாம்பில் எண்ணெய்க் கறை வட்டமாகப் படிந்தது. அளவக்கா அந்த நாட்களில் வேலையைப் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினாலும் கேட்க அங்கே யாரும் இல்லை.

கோப்பை ராட்டினத்தின் வாசலில் மகளுக்கு வேலை கிடைத்தது. அங்கும் அளக்கும் வேலைதான். முதல் வாரம் யார் முகத்தையும் பார்க்காமல் சட்டத்தை மட்டும் பார்த்து அளந்தாள். இரண்டாவது மாதம் ஒரு குழந்தை அவள் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்க, அவள் சிரித்தாள். நூறடி தள்ளி நின்ற அளவக்கா அதைப் பார்த்துவிட்டு, அளந்துகொண்டிருந்த பிள்ளையின் தலையில் சட்டத்தை வைத்தபடியே மறந்து நின்றாள். “என் வயிறு அன்னைக்குத்தான் குளுந்துச்சு” என்று ரயில் ஓட்டுபவரிடம் சொன்னாள். மகள் இப்போது காலையில் தானே எழுந்து தலை வாரிக்கொள்கிறாள். பேருந்தில் ஜன்னலோர இடத்துக்கு அம்மாவோடு சண்டை போடுகிறாள்.

போன மாதம் வேலியில் பெரிய பலகை ஏறியது. வண்ண வண்ணமாகப் படம். மூன்று மடங்கு பெரிதாகப் போகும் குடும்பப் பகுதி. பெற்றவர்கள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே ஏறும் ராட்டினங்கள். அளவும் இல்லை, கோடும் இல்லை. மேலே கொட்டை எழுத்தில்: ‘இனி எந்தக் குழந்தையும் திரும்பிப் போக வேண்டாம்!’ அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: ‘ஒரே ஒரு ராட்டினத்தில் மட்டும் நாளொன்றுக்கு 214 குழந்தைகள் ஏமாற்றத்துடன் திரும்பியதாக எங்கள் ஆய்வு சொல்கிறது.’

எழுத்துக் கூட்டிப் படித்த அளவக்கா அந்த எண்ணை விரல் வைத்து இன்னொரு தடவை படித்தாள். இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகள் எங்கே வந்தார்கள்? வந்ததெல்லாம் அவள் சுற்றச் சொல்லிச் சுற்றி வந்த பிள்ளைகள். படத்தில் அவள் நிற்கும் இடத்தைத் தேடிப் பார்த்தாள். அங்கே அழகான கூரை ஒன்று போட்டிருந்தார்கள். கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. ஆள் இல்லை.

மறுநாள் அவள் சுற்றுகளை விட்டுவிட்டு உச்சந்தலைகளை மட்டும் எண்ணினாள். முப்பத்தெட்டு. அதற்கடுத்த நாள் நாற்பத்தொன்று. மூன்றாம் நாள் மேற்பார்வையாளரின் அறை வாசலில் போய் நின்றாள்.

“அந்தக் கணக்கு தப்பு சார். ஒரே புள்ள ஆறு தடவ வந்துச்சு. நான் ஆறுன்னு எண்ணிட்டேன்.”

“ஒரு புள்ள எதுக்குக்கா ஆறு தடவ வருது?”

“நான்தான் சார் வரச் சொன்னேன். அழக் கூடாதேன்னு.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். கெட்ட மனுஷன் இல்லை. “அக்கா, வரைபடம் போட்டாச்சு, கையெழுத்து ஆயிடுச்சு, மெஷின் எல்லாம் சொல்லியாச்சு. இனிமே நாப்பதுன்னா என்ன, நாலுன்னா என்ன? யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. இத வெளிய சொல்லாதீங்க, உங்க பேருதான் கெடும்.”

“அப்ப அளக்குறவங்க?”

“அடுத்த மாசக் கடைசியோட மூடுறோம். பதினாறு மாசம் வேலை நடக்கும். தொறக்கும்போது அளக்குற வேலையே இருக்காதேக்கா.”

“எனக்கு வேண்டாம் சார். என் மகள மட்டும் எங்கயாவது நிக்க வைங்க. கூட்டச் சொல்லுங்க, தொடைக்கச் சொல்லுங்க.”

அவர் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கி முடித்த பிறகும் தலை நிமிரவில்லை. அவள் வெளியே வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பிள்ளைகளைச் சுற்றச் சொல்வதில்லை. சட்டத்தை வைக்கிறாள், பார்க்கிறாள், “முடியாது கண்ணு” என்கிறாள். பிள்ளைகள் அங்கேயே விழுந்து அழுகின்றன. சில தாய்மார்கள் முறைக்கிறார்கள். ரயில் ஓட்டுபவர், “என்னக்கா, உங்க மந்திரம் என்னாச்சு?” என்று கேட்டுப் பார்த்தார். அவள் அடுத்த தலையை இழுத்துக்கொண்டாள். ஆறு ராட்டின வாசல்களில் அளந்து நிற்கும் ஆறு பெண்களின் பிழைப்பில் தன் கையால் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோம் என்ற நினைப்பு சோற்றிலும் வந்தது, தண்ணீரிலும் வந்தது. ஐந்து பேர் எப்படியோ பிழைத்துக்கொள்வார்கள். ஆறாவது பெண்ணை நினைத்தால்தான் அந்தச் சுவரும் எண்ணெய்க் கறையும் கண் முன்னால் வந்தன.

வியாழக்கிழமை எல்லோருக்கும் கடிதம் கொடுத்தார்கள். மத்தியான இடைவேளையில், ராட்டினங்களுக்குப் பின்னால் இருக்கும் ஊழியர் அறைக்கு அளவக்கா வேகமாக நடந்தாள். இன்றைக்கு மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானம். மேற்பார்வையாளர் என்ன சொன்னால் என்ன? வேறு யாராவது சொல்லி அவள் தெரிந்துகொள்வதைவிடப் பெற்றவள் வாயால் கேட்பது மேல். திட்டட்டும், அடிக்கட்டும்கூட. மகள் திரும்பவும் சுவரிடம் போகாமல் இருந்தால் போதும்.

மகள் மூலையில், நீள மேசையில் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருந்தாள். கடிதம் பக்கத்தில் மடித்தபடி கிடந்தது. வேறு யாரும் இல்லை. அளவக்கா அருகில் உட்கார்ந்து, மகளின் உச்சந்தலையில் வலது கையை வைத்து மெல்லத் தடவினாள். காலையில் எடுத்த வகிடு நேராக இருந்தது. “அம்மா உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி” என்றாள்.

மகள் நிமிரவில்லை. மேசையைப் பார்த்தே பேசினாள்.

“என்ன சொல்லப் போற? வேற வேலை பாத்துக்கலாம், அதானே? எனக்கு யாரு குடுப்பாம்மா? இங்க நின்னாத்தான் நானும் மனுஷின்னு தோணுச்சு. இருநூத்திப் பதினாலாம். நான் நிக்கிற எடத்துல ஒரு நாளைக்கு முப்பது புள்ள திரும்புனா அதிசயம். எவளோ உக்காந்த எடத்துலேருந்து வாய்க்கு வந்தத எழுதிக் குடுத்திருக்கா.” கடிதத்தை அப்பால் தள்ளினாள். “எவ எண்ணிக் குடுத்தாளோ, அவ கை வெளங்காமப் போகட்டும்.”

அளவக்கா மகளின் தலைமேலிருந்த கையை மெல்ல எடுத்தாள். எடுத்து, தன் மடியில் வைத்து, இடது கையால் மூடிக்கொண்டாள்.