உப்புத் தூணுக்கு நான் சொன்ன அர்த்தம்

முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் குட்டை வாங்கில், முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்த அந்த அக்கா கையை உயர்த்தியது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மாத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பள்ளிக்கூடம் அது. அடைமழையில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருந்த மேட்டு லயம் மண்ணுக்குள் போய்விட, தப்பி வந்த குடும்பங்கள் வகுப்பறைகளில் தங்கியிருந்தன. நான் அங்கே சித்திரப் பாட ஆசிரியை. வியாழக்கிழமை மாலைகளில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவளும் நான்தான். யாரும் என்னை நியமிக்கவில்லை. நானாக முன்னால் போய் நின்றேன்.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேதத்தில் ஒரு பகுதியை வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்ல எதுவும் இல்லாதவர்கள் “ஸ்தோத்திரம்” என்று முடித்துக்கொள்ளலாம். அன்று நான் தேர்ந்தெடுத்தது, எரிகிற ஊரை விட்டு ஓடும்போது திரும்பிப் பார்த்து உப்புத் தூணாகிப்போன பெண்ணின் கதை. போனதை நினைத்து அழாதீர்கள், திரும்பிப் பார்க்காதீர்கள் என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான பகுதி கிடைக்காது என்று எனக்குள் பெருமை வேறு. அந்த அக்காவின் புருஷன், மாட்டை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடி, மண்ணோடு போய் மூன்று கிழமைகூட ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாசித்தேன்.

“அந்தம்மா என்னத்துக்குத் திரும்பினாங்கன்னு அதுல போட்டிருக்கா டீச்சர்?” என்று அந்த அக்கா கையை உயர்த்திக் கேட்டார். இல்லை என்றேன்.

“அப்படின்னா பின்னால வர்றவங்க வந்துட்டாங்களான்னுதான் பார்த்திருப்பாங்க. நானும் பார்த்தேன். பார்த்ததாலதான் அவரு முகத்த கடைசியா ஒருக்கா கண்டேன். அழுது அழுது காய்ஞ்சா உப்புதானே மிஞ்சும்? அதப் போயி தண்டனைன்னு ஏன் சொல்றோம்?”

முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரை மணி நேரம் நான் தொண்டை வறளப் பேசியதற்கு அசையாத மனுஷன் அவர். “வேதத்துக்கு அவங்கவங்க இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்லக் கூடாது அக்கா. எழும்பி ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க” என்றேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொண்டு, தெரியாமல் பேசிவிட்டதாக ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு எந்த வியாழக்கிழமையும் தவறாமல் வந்தார். தன் முறை வரும்போது “ஸ்தோத்திரம்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் சித்திரம் படிப்பிக்கிறவள். சீகிரியாவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால், பாறையில் தீட்டியிருக்கும் பெண்களுக்கு முன்னால் நிறுத்தி, இவர்கள் யார், எங்கே போகிறார்கள், உனக்கு என்ன தோன்றுகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்பேன். ஒருத்தி கோயிலுக்கு என்பாள், இன்னொருத்தி கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்கு என்பாள். எல்லாமே சரி என்பேன். படத்தைத் தீட்டியவன் நமக்காக விட்டு வைத்த இடம் அது என்று விளக்கமும் சொல்வேன். வேதத்தில் அந்தப் பெண் ஏன் திரும்பினாள் என்று எழுதாமல் விட்டதும் அப்படிப்பட்ட ஓர் இடம்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. தோட்டத்து நோட்டீஸ் பலகையில் ஒட்டிய அறிவித்தலை வாசிப்பதுபோல் நான் அதை வாசித்திருக்கிறேன். அந்த அக்காதான் அதில் ஒரு முகத்தைப் பார்த்தார்.

அதோடு நின்றிருந்தால்கூட அறியாமை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அடுத்த வருடம் பெண்கள் ஞாயிறன்று மாத்தளை டவுன் சபையில் பிரசங்கம் செய்ய என்னை அழைத்தார்கள். இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைத்தும் ஒன்றும் வரவில்லை. கடைசியில் அந்த அக்கா சொன்னதை எடுத்துக்கொண்டேன். பின்னால் வருகிறவர்களைத் தேடிய பெண், அழுது காய்ந்து மிஞ்சிய உப்பு, எல்லாவற்றையும். “ஜெபத்தில் காத்திருந்தபோது ஆண்டவர் எனக்கு இதை உணர்த்தினார்” என்று வாய் கூசாமல் சொன்னேன். சொல்லி நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன், எங்கள் தோட்டத்துப் பெண்கள் வேன் பிடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவர். நிறுத்தவில்லை. கடைசி வரி வரை பேசி முடித்தேன். போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே அவர் என்னிடம் வந்தபோது, நாலு பேர் முன்னால் நன்றாகக் கேட்டுவிடப் போகிறார் என்று பயந்தேன். அவரோ என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “அந்தப் பொம்பள பாவம்னு நீங்களாவது சொன்னீங்களே டீச்சர்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அப்ப அன்னைக்கு நான் மன்னிப்புக் கேட்டது வேண்டாததா?” என்றார். குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை அது. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். ஆமாம் என்ற ஒரு சொல் போதும், அவருடைய பேச்சு அவருக்குத் திரும்பிக் கிடைத்திருக்கும். “வேன் காத்துக்கிட்டு நிக்குது அக்கா, ஏறுங்க” என்றேன்.

அதே பிரசங்கத்தை இதுவரை மூன்று சபைகளில் செய்துவிட்டேன். ஆண்டவர் உணர்த்தினார் என்ற வரி மூன்றிலும் இருந்தது. நினைத்தாலே கூசுகிறது. ஆனாலும் சொன்னேன்.

போன வியாழக்கிழமை கூட்டத்துக்குப் புதிதாக ஒரு மருமகப் பெண் வந்திருந்தாள். வில்கமுவப் பக்கத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பெண், கையில் குழந்தை. வாசித்து முடித்ததும் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பக்கத்தில் இருந்த அந்த அக்கா அவள் தொடையில் மெதுவாகத் தட்டினார். நல்லது செய்கிற மனசோடுதான் தட்டினார்.

“நமக்கு என்னம்மா தெரியும்? ஸ்தோத்திரம்னு சொல்லு, போதும். அர்த்தத்த டீச்சர் சொல்லுவாங்க.”

அந்தப் பெண் “ஸ்தோத்திரம்” என்றாள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் அர்த்தம் சொன்னேன்.