மாமா சீராகக் கொடுத்த வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷின் கெட்டுப்போனால் ஊர் உலகத்தில் இரண்டே வழிதான். ரிப்பேர் செய்வார்கள், இல்லாவிட்டால் புதிது வாங்குவார்கள். எங்கள் அம்மா மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தாள். ஓடாத மெஷினை ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே ஒரு மழைக்காலம் முழுக்கக் கையால் துவைத்தாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அலுப்பாக வருகிறது.

அப்போது நாங்கள் திருவெறும்பூரில் இருந்தோம். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் நான்காம் வகுப்பு. அந்த மெஷின் என் காதுகுத்துக்குத் தாய்மாமன் சீராக வந்தது. மாமா மலைக்கோட்டைப் பக்கம் ஒரு சந்தில் சொந்தமாக ரெடிமேட் கடை வைத்திருந்த காலம் அது. பழத்தட்டு, பட்டுப்பாவாடை, சங்கிலி எல்லாம் முன்னால் போக, பின்னால் ஒரு குட்டி லாரியில், மாலையும் சந்தனப் பொட்டுமாக, கல்யாண மாப்பிள்ளை போல வந்து இறங்கியது. அதுவரை அம்மாவின் பிறந்த வீட்டை ஜாடையாக ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்த அப்பா பக்கத்துச் சொந்தங்கள் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. அன்று அம்மா நடந்த நடையே வேறு என்று அப்பா இன்றும் கிண்டல் செய்வார்.

எங்கள் ஊர் உப்புத் தண்ணீரை நாலைந்து வருஷம் குடித்துவிட்டு, ஒருநாள் அப்பாவின் காக்கிச் சட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டே அது நின்றுபோனது. மெக்கானிக் வந்து பின்பக்கத்தைக் கழற்றினார்.

"போர்டும் போச்சு, மோட்டாரும் போச்சுங்க. இந்த மாடலையே நிறுத்திட்டாங்க. ரிப்பேர் பண்ற காசுக்குப் புதுசே வாங்கிரலாங்க."

அப்பா உடனே தயார். அம்மாதான் ஒரேயடியாக முடியாது என்றாள். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வருஷம்தான் மாமா கடையை மூடியிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், வேறொருவர் கடையில் நாளெல்லாம் நின்றபடி துணி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

"சீரு குடுத்தா ஆயுசுக்கும் கேரண்டியா? நான்தானே வாங்குறேன், உங்கண்ணனையா கேட்டேன்?" என்றார் அப்பா.

"நீங்க வாங்கினாலும் அண்ணன் வந்து பாக்குமில்லங்க? தன்னோடது போயிடுச்சுன்னு தெரிஞ்சா தலைய அடமானம் வச்சாவது வேற ஒண்ணு கொண்டாந்து இறக்கிடும். முடியலேன்னா வெக்கப்பட்டுக்கிட்டு நம்ம வீட்டுப் பக்கமே வராது."

அப்பா தலையில் அடித்துக்கொண்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. அம்மா அதற்கு உறை தைத்துப் போட்டாள். மற்றபடி கொல்லைப்பக்கத் துவைக்கிற கல்தான். கிரீஸ் பிடித்த காக்கி, என் யூனிபார்ம், தலையணை உறை, மழையில் காயாமல் நாறி மறுபடியும் துவைக்க வேண்டியவை என்று வேலைக்கு முடிவே இல்லை. சாயங்காலம் மணிக்கட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். ஏதாவது கேட்டால் "சும்மா இருடி" என்பாள். எனக்கோ அந்த மெஷின் மேல்தான் கோபம் கோபமாக வரும்.

ஒரு சனிக்கிழமை மாமா வருவதாகப் போன் வந்தது. அம்மா பரபரவென்று உறையை எடுத்தாள். உள்ளே நாலு துணியைப் போட்டு, மூடிமேல் சோப்புத்தூள் பாக்கெட்டைப் பிரித்து வைத்தாள். ஊறவைத்த வாளியைக் கொல்லைக் கதவுக்குப் பின்னால் தள்ளினாள். மாமா கேட்டால் நன்றாக ஓடுகிறது என்று சொல்ல வேண்டும் என எனக்கு உத்தரவு. அப்பாவுக்கும் அதே உத்தரவுதான், அவர் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமா வந்ததும் வராததுமாக மெஷின் மேல் கையை வைத்தார். "எப்படிம்மா ஓடுது?"

"அதுக்கென்னண்ணே, ஜம்முன்னு ஓடுது."

"சத்தமே வராது மாமா!" என்றேன் நான். பொய் சொல்லாமலே சமாளித்துவிட்டதில் எனக்கு அவ்வளவு பெருமை! மாமா சிரித்து என் கன்னத்தைக் கிள்ளினார். அம்மா பரிமாறும்போது அவள் கையையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கினார்.

காலையில் கல்லில் துணி அடிக்கிற சத்தம் கேட்டு எழுந்து போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாமா துவைத்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் இருந்த வாளி அவர் பக்கத்தில் இருந்தது. அப்பாவின் காக்கியெல்லாம் அலசிப் பிழிந்து கொடியில் தொங்கியது.

அம்மா என் பின்னால் வந்து நின்றாள். பதறிப்போய் "ஐயோ, என்னண்ணே இது!" என்றாள். மாமா நிமிர்ந்து பார்க்கவில்லை. நனைந்த பெட்ஷீட்டின் ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இவள் ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமுமாக முறுக்கினார்கள். தண்ணீர் என் காலெல்லாம் தெறித்தது.

"மாப்பிள்ளைய இன்னொன்னு வாங்கச் சொல்லும்மா" என்றார் மாமா.

"எதுக்குண்ணே? இதுதான் நல்லா ஓடுதே."

"ஓடட்டும்மா. யாரு இல்லேன்னா? இது பாட்டுக்கு ஓடட்டும், கூட ஒண்ணு இருக்கட்டும்."

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு வாஷிங் மெஷின்! தெருவில் யார் வீட்டில் இருக்கிறது? உடனே ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். மாமா கை கால் கழுவிக்கொண்டு உள்ளே போயிருந்தார். பெட்ஷீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் மிச்சமில்லை. இவ்வளவு நல்ல செய்தி கேட்டும் அம்மா ஏன் அதைக் கொடியில் போடாமல், முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.