பெரட்டில் பெயர் இல்லாத செல்வராணி டீச்சர்

செல்வராணி டீச்சர் இறந்த செய்தி எங்கள் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் காலை ஆறரைக்கு வந்தது. மாரடைப்பு. வயது நாற்பத்தாறு. ஏழு மணிக்குள் அவர் 'கணித மேதை' ஆகிவிட்டார். உயிரோடு இருந்தவரை அந்தப் பதவி உயர்வை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் அவர் கணிதமும் நான் தமிழும் படிப்பித்தோம். மற்ற நேரங்களில் அவர் அருவ அட்சரகணிதத்துக்கும் கோட்பாட்டுப் பௌதிகவியலுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அப்படியென்றால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். ஆசிரியர் அறையிலிருந்த கெரம் போர்டைக் கால் சுற்றுத் திருப்பினார்.

"ஆட்டம் மாறிச்சா சேர்?"

"இல்ல."

"எத்தனை விதமா திருப்பலாம், ஒரு தடவை திருப்பி மறுபடி திருப்பினா என்ன வரும்னு எழுதினா அட்சரகணிதம். அதை வச்சு ஒலகத்துல என்னென்ன துணிக்கை இருக்க முடியும்னு சொன்னா பௌதிகவியல். மாத்தியும் எது மாறலையோ, அதுதான் விதி."

எங்கள் தோட்டத்தில் துரைமார் மாறினார்கள், கம்பனிகள் மாறின. கடிதம் கொடுக்கும் முறை மாறவில்லை. தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கு இலக்கம் கிடையாது. தபால் தோட்டக் காரியாலயத்துக்கு வரும். காலைப் பெரட்டில் வேலையாட்களைப் பெயர் கூப்பிடும்போது கையில் கொடுப்பார்கள். டீச்சர், தான் பிறந்த லயத்திலேயே தாயோடு இருந்தார். கொழுந்து எடுக்கப் போகாதவர் பெயர் பெரட்டில் வராது.

ஒரு பல்கலைக்கழகம் அவருக்கு ஆய்வு மாணவர் இடம் கொடுத்து, ஒரு மாதத்தில் பதில் கேட்டு எழுதியிருந்தது. அவர் இரண்டு முறை காரியாலயத்தில் விசாரித்தார். கிளாக்கர் வேலையாட்கள் பட்டியலைப் பார்த்து, "ஒங்க பேருக்கு ஒண்ணும் இல்ல" என்றார். கடிதம் கிளாக்கருடைய மேசை லாச்சியில் நான்கு மாதம் கிடந்தது.

அதைக் கண்டெடுத்த அன்று டீச்சரோடு நானும் காரியாலயத்துக்குப் போயிருந்தேன்.

"நீங்க பெரட்டுக்கு வர்றதில்லையே டீச்சர். யாருகிட்ட குடுக்குறது?"

"ஒங்க மக தெனமும் என் வகுப்புக்கு வர்றாளேங்க."

கிளாக்கர் சிரித்தார். டீச்சரும் சிரித்தார். இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

"மறுபடி விண்ணப்பிப்போம் சேர்" என்றார் திரும்பும் வழியில். விண்ணப்பித்தார். பதில் வருமுன் போய்விட்டார்.

இறுதிச் சடங்கில் காரியாலயம் பெனர் கட்டியிருந்தது: 'எமது தோட்டத்தின் பெருமை.' கிளாக்கர் அஞ்சலி உரையாற்றினார். டீச்சரின் பொறுமையை இளைய தலைமுறை பின்பற்ற வேண்டுமாம். இதை வாசிக்கும், அவரை அறிந்த நீங்கள் பலரும் அங்கே தலையாட்டினீர்கள்.

பொறுமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அவர் வெளியே காட்டாத கோபம் மிச்சமிருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் காரியாலயத்துக்குப் போய் லாச்சியைத் திறக்கச் சொன்னேன். பதினொரு கடிதங்கள் இருந்தன.

"இவங்க யாரும் பெரட்டுக்கு வர்றதில்லைங்க சேர்" என்றார் கிளாக்கர்.

வெளியே பெரட்டுக்கு ஆட்கள் நின்றிருந்தார்கள். வாசலில் நின்று, பதினொரு பெயரையும் ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன்.