ரிமோட் காருக்காக ஒரு கொடை ஏலம்

மாரீஸ்வரியைத் தாராவியில் யாரும் முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செக்கிங் மாரி என்றால்தான் தெரியும். குர்லா பக்கத்து மால் ஒன்றின் வாசலில், திரை போட்ட சின்னக் கூண்டுக்குள் நின்று, உள்ளே வருகிற பெண்களின் கைப்பையைத் திறந்து பார்ப்பது அவள் வேலை. வருகிறவள் இரண்டு கையையும் விரித்து நிற்பாள். மாரி டிடெக்டர் குச்சியை மேலும் கீழும் ஓட்டுவாள், பைக்குள் கையை விட்டுத் துழாவுவாள், போ என்பதற்கு "ஜாவ்" என்பாள். அவள் போவாள், அடுத்தவள் வருவாள். மாரி யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும், கையைப் பார்த்தால் போதும் என்பது அவள் கட்சி.

இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அவளுக்குச் சந்தேகப் புத்தி வந்தது என்று நினைத்துவிட வேண்டாம். அது கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் புண்ணியத்தில் வந்தது. நெல்லையப்பன் டிராம்பே பக்கம் கான்ட்ராக்டில் வெல்டிங் வேலை பார்க்கிறவர். தங்கமான மனுஷன், அதுதான் தொல்லை. யார் வந்து எதைச் சொன்னாலும் நம்புவார். துபாய் விசா வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தன் வந்தான். நம்ம ஊர்க்காரன், நம்ம பாஷை பேசுகிறான் என்று அவனுக்கு மீன்குழம்பு வைத்துச் சோறு போடச் சொன்னார். மாரியின் கழுத்துச் சங்கிலியோடு அவன் போனவன்தான். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே சந்தேகப்பட்டாள். ரேஷன் கடைக்காரன் தராசைச் சந்தேகப்பட்டாள். கேபிள்காரன் கணக்கைச் சந்தேகப்பட்டாள். சொந்தத் தங்கச்சி ஊரிலிருந்து போன் போட்டு "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றால், அந்தச் சும்மாவையும் விடமாட்டாள்.

ஒரே மகள் இசக்கிசெல்வி. மாட்டுங்காவில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படிக்கிறாள். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை அம்மாவிடம் நீட்டிவிட வேண்டும். ஸ்கூல் காலத்திலிருந்து அப்படித்தான்.

"பெத்தவ பாக்காம வேற எவ பாப்பா?" என்பாள் மாரி. செல்வி பையை நீட்டிவிட்டு முகம் கழுவப் போய்விடுவாள். பல் தேய்ப்பது மாதிரி அதுவும் அந்த வீட்டில் ஒரு காரியம்.

மழை ஆரம்பித்த ஒருநாள் மாரியின் கையில் வழுவழுவென்று ஏதோ தட்டுப்பட்டது. வெள்ளி நிறத்தில் தடித்த துணி உறை. உள்ளே செங்கல் துண்டு மாதிரி ஒரு கட்டி, அதிலிருந்து சிவப்பும் கறுப்புமாக வயர். மாலில் டிரெய்னிங்கின்போது படம் போட்டுக் காட்டி, இப்படி எதையாவது கண்டால் உடனே விசில் ஊதுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தப் படத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் விசில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

"ஏட்டி, என்னது இது?"

"பேட்டரிம்மா. ரிமோட் காருக்கு."

"யாரு காரு?"

"மன்றத்துக் காரு. நாகராஜ் அண்ணன் சார்ஜ் போடச் சொல்லிக் குடுத்தாரு."

"பேட்டரிக்கு எதுக்குட்டி இவ்வளவு தடிமனா உறை?"

"சில நேரம் தீப்பிடிச்சிரும். அதுக்குத்தான்."

செல்வி உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் தீ என்ற சொல் விழுந்த பிறகு மாரிக்குச் சோறு இறங்கவில்லை.

தென்றல் இளைஞர் மன்றம் அந்தத் தெருவில் கேரம் ஆடுவதற்கு என்று ஆரம்பித்தது. மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிற நாகராஜ்தான் அதை ரிமோட் கார் பக்கம் திருப்பினான். உடைந்த பொம்மைக் கார்களை வாங்கி, பழைய மோட்டாரைப் பொருத்தி, சயான் பக்கம் மேம்பாலத்தின் அடியில் செங்கல்லை வளைவு வளைவாக அடுக்கி ஓட்டினார்கள். அடுத்த தெரு அஃப்ஷாவும் செல்வியும் அதில் சேர்ந்தார்கள். இதைப் பார்த்த செம்பூர் காலனிப் பையன் நிகில், நவராத்திரி முடிந்ததும் எங்கள் கிரவுண்டில் பெரிய ரேஸ் நடத்துகிறோம், வாருங்கள் என்று கூப்பிட்டான். போக வேண்டுமானால் ஒழுங்கான ரிமோட் வேண்டும், மாற்று பேட்டரிகள் வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் மிஷின் எண்ணுவதற்குக் காரின் அடியில் ஒட்டுகிற சில்லு வேண்டும். ஒட்டுப்போட்ட சாமானை அங்கே உள்ளேயே விடமாட்டார்கள்.

பணம் திரட்ட அந்தப் பிள்ளைகள் பாடாய்ப் பட்டார்கள். கடை கடையாக வர்கணி என்று நன்கொடை கேட்டுப் போனார்கள். வருஷா வருஷம் கணபதிக்கும் நவராத்திரிக்கும் கொடுத்தே கை ஓய்ந்திருந்த கடைக்காரர்கள், பொம்மைக் காருக்கு வர்கணியா என்று சிரித்தார்கள். முறுக்கு வாங்கி விற்றார்கள். மழையில் அது நமத்துப்போய், மிச்சத்தை அவர்களே தின்றார்கள். சின்னப் பிள்ளைகளிடம் காசு வாங்கிக்கொண்டு கார் ஓட்டவிட்டார்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருந்த பேட்டரியும் உப்பிப்போனது.

மாரிக்கு இது எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. மீசை முளைத்தவன்கள் பொம்மைக் கார் ஓட்டுகிறான்களாம், அதற்கு ஊரெல்லாம் வசூலாம். உள்ளே சட்டா நடக்கிறது, பந்தயம் கட்டிச் சூதாடுகிறான்கள் என்று அவளுக்குத் தோன்றியது. வார லீவன்று நேரே நாகராஜ் கடைக்குப் போனாள்.

"தம்பி, காரு ஓடுறதுக்கு எவனும் பைசா கட்டுவானா?"

"அய்யோ, சட்டால்லாம் இல்லக்கா. ஓட்டத்தான்."

"ஜெயிச்சா என்ன கிடைக்கும்?"

"கப்பு குடுப்பாவ."

"பித்தளையா?"

"பிளாஸ்டிக்குக்கா."

ஒரு பிளாஸ்டிக் கப்புக்காக எவனாவது இந்தப் பாடு படுவானா என்று மாரி நினைத்துக்கொண்டாள்.

"எம் மவள எதுக்குச் சேத்திய?"

"அவள மாதிரி எவனுக்கும் ஓட்ட வராதுக்கா. வளைவுல கார நழுவவே விடமாட்டா. செம்பூர்லயும் அவதான் ஓட்டப் போறா. மன்றத்துத் துட்டுப் பையும் அவகிட்டதான் இருக்கு."

"அது எதுக்கு அவகிட்ட?"

நாகராஜ் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "சும்மாதான்க்கா."

அந்தச் சும்மாவை மாரி வீடுவரை சுமந்துகொண்டு வந்தாள். மாட்டிக்கொண்டால் பொம்பளைப் பிள்ளை மாட்டட்டும் என்றுதான் பையை இவள் தோளில் போட்டிருக்கிறான்கள், வேறென்ன இருக்க முடியும் என்று முடிவு கட்டினாள்.

ஆடிக் கொடைத் திருவிழா வந்தது. அம்மன் கோயில் கமிட்டித் தலைவர் ஜெயராம், கோயில் ஏலம் முடிந்ததும் மன்றத்துப் பிள்ளைகளும் கொஞ்சம் ஏலம் விட்டுக்கொள்ளட்டும் என்று பெரிய மனசு பண்ணினார். பிள்ளைகள் வீடு வீடாகப் போய்ச் சாமான் சேர்த்தார்கள். தேங்காய், வாழைத்தார், புதுச் சேலை, யாரோ கல்யாணத்தில் வந்து பிரிக்காமலே வைத்திருந்த குக்கர். தார்ப்பாயில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. கோயில் எலுமிச்சம்பழம் ஏலம் போனதும் மன்றத்துத் தேங்காய் மேடைக்கு வந்தது.

கேட்க வேண்டுமா கூட்டத்தை. ஒருவர் நூறு என்றால் அடுத்தவர் இருநூறு என்றார். இட்லிமாவுக் கடை வேல்ராஜ் அண்ணாச்சி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஆயிரத்தைத் தாண்டினார். எதிர்வரிசைக்காரருக்கு ரோஷம் வந்து இன்னும் மேலே போனார். ஒரு தேங்காய்க்கு இந்த விலை என்றால் குக்கரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். செல்விக்கும் அஃப்ஷாவுக்கும் வாயெல்லாம் பல்.

மாரி மூங்கில் கம்பத்தை ஒட்டி நின்று கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கையும் சட்டைப்பைக்குப் போகவில்லை. யாரும் போனை எடுத்து ஸ்கேன் பண்ணவுமில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டே போனது. கேட்கிறவர்கள் எல்லாம் நாகராஜ் ஏற்பாடு செய்த ஆட்கள், இங்கே கூத்துக் காட்டிவிட்டு வேறெங்கோ பணம் கைமாறுகிறது என்று அவளுக்குப் பட்டது. அந்த நேரம் பார்த்து நாகராஜ், செல்வியின் காதருகே குனிந்து ஏதோ சொன்னான். செல்வி சட்டென்று பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அவ்வளவுதான். மாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"பையத் தொற."

"ம்மா, இங்க வேணாம்."

இங்கே வேண்டாம் என்று மாலில் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறாள். சொன்னவளின் பையில் ஏதாவது இருக்காமல் போனதில்லை. அவளுக்கு அப்போது எதிரே நின்றது மகளாகவே தெரியவில்லை. பையைப் பிடுங்கி, ஜிப்பை இழுத்து, அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தாள். தண்ணி பாட்டில் உருண்டது. குடை, கிளிப், கைக்குட்டை, அந்த வெள்ளி உறை. ஒரு ரூபாய் இல்லை.

"துட்டு எங்கட்டி?"

மைக் பக்கத்தில் இருந்ததால் அது கோயில் முழுக்கக் கேட்டது. மேளக்காரர்கூட கையை நிறுத்திவிட்டார்.

"யாரும் இன்னும் தரலம்மா," என்றாள் செல்வி. "முடிஞ்சதும் தருவாங்கன்னு நெனச்சோம்."

ஜெயராம் தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்ல பிள்ளைய போங்க. கொடை ஏலத்துல எவன்டே அன்னைக்கே துட்டு வைப்பான்? அம்மன் முன்னால வாயால சொல்லுவான், அடுத்த கொடைக்குள்ள கொண்டாந்து குடுப்பான். ஊர்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான்."

பம்பாயில் பிறந்த பிள்ளைகள். வருஷா வருஷம் ஏலக் கூச்சலைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள், ஆனால் பணம் வந்து சேர்வதைப் பார்த்தவர்கள் இல்லை. அது ஏதோ ஒரு சாதாரண நாளில் ஜெயராம் வீட்டுக்குப் போய்விடும். அடுத்த ஆடிக்குத்தான் காசு என்பதால்தானே ஆளாளுக்கு அந்த விலை கேட்டார்கள். ரேஸோ நவராத்திரி முடிந்ததும்.

கொஞ்சம் முன்னால்தான் நாகராஜுக்கு இது புரிந்திருக்கிறது. ஓடிப்போய் வேல்ராஜ் அண்ணாச்சியிடம் கெஞ்சி, அவர் மட்டும் இப்போதே கொடுக்கச் சம்மதித்து, பையைத் தயாராக வை என்றுதான் செல்வியின் காதில் சொல்லியிருக்கிறான். அண்ணாச்சி முன்வரிசையில் எழுந்து, இடுப்பு பெல்ட்டில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். எல்லாருடைய கையையும் பார்த்த மாரி அந்த ஒரு கையைப் பார்க்கவில்லை.

அந்தக் கை வெறுமனே திரும்பியது. "பெத்தவளே நம்பல," என்றார் அவர், கோபமில்லாமல். "நான் எப்படித்தா நம்ப?" உட்கார்ந்துவிட்டார்.

பின்னால் முணுமுணுப்பு கிளம்பியது. ஏலம் கேட்ட மற்றவர்களும் ஒவ்வொருவராகக் குடையைத் தேடினார்கள். செல்வி ஈரத் தரையில் முட்டி போட்டு, கிளிப்பையும் கைக்குட்டையையும் பொறுக்கிப் பையில் போட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் மாரிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

வீட்டில் நெல்லையப்பன் தட்டை எடுத்து வைத்துவிட்டு, "பிள்ள சாப்பிடல," என்று மட்டும் சொன்னார். சங்கிலி போன நாளில் மாரி அவரைக் கேட்ட கேள்விகள் எல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்தன. அவர் அதில் ஒன்றையாவது திருப்பிக் கேட்டிருக்கலாம்.

மறுநாள் டியூட்டிக்குப் போகும் வழியில், யூனிஃபார்மோடே வேல்ராஜ் அண்ணாச்சி கடையில் போய் நின்றாள். மாவரைக்கிற சத்தத்தில் இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பைக்கு நான் பொறுப்பு."

பொறுப்பு என்ற சொல்லை அவள் வாழ்நாளில் யாருக்காகவும் சொன்னதில்லை. தங்கச்சி கேட்டபோது இல்லை, புருஷன் கேட்டபோதும் இல்லை. அண்ணாச்சி மிஷினை நிறுத்தினார்.

"மாரி, நாங்க எதுக்கு அந்தப் பொம்மைக் காருக்கு ஏலத்துல உக்காந்தோம்னு நெனச்ச? பை உம் மவகிட்ட இருக்குன்னு நாகராஜ் சொன்னான். செக்கிங் மாரி வீட்டுப் பிள்ள, அங்க ஒரு ஊக்குகூடத் தப்பிப் போவாதுன்னு நம்பித்தான் எல்லாரும் கேட்டோம். நீயே வந்து கவுத்துப்போட்டுட்ட."

நாகராஜ் சிரித்த அந்தச் சும்மாவுக்கு அதுதான் அர்த்தம். மாரிக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மாவு வாளிக்குப் பக்கத்தில் நின்று, மாலில் ஒரு தரம்கூட அழாதவள், யூனிஃபார்ம் துப்பட்டாவால் மூக்கைச் சிந்தினாள்.

அண்ணாச்சி தன் பங்கை எடுத்துக் கொடுத்தார். அவரே கூட வந்து, ஏலம் கேட்ட மற்றவர்களிடமும் பேசினார். பாதிப் பேர் தந்தார்கள். ரிமோட்டும் சில்லும் வாங்க அது போதும், பேட்டரிக்கு வேறு வழி பார்த்துக்கொள்வோம் என்றான் நாகராஜ்.

புது ரிமோட் வந்த அன்று மாரி அரைநாள் லீவு போட்டாள். டீ போட்டு மூடி வைத்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனிமேல் பையைத் தொடுவதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதை எப்படித் தொட்டாலும் தப்பாகத்தான் படும் என்பதால், ரிமோட்டைக் காட்டு, எப்படி ஓட்டுவே என்று கேட்க வேண்டும் என்று வேறு யோசித்து வைத்திருந்தாள்.

செல்வி மழையில் நனைந்து வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையை வாசற்படியில் வைத்து, ஜிப்பை முழுக்கத் திறந்துவிட்டாள். புது ரிமோட்டின் பெட்டி மேலாகவே தெரிந்தது. பிறகு ஒரு அடி பின்னால் தள்ளி நின்று, இரண்டு கையையும் விரித்தாள்.

"வேண்டாம்ட்டி," என்றாள் மாரி. "உள்ள வா."

செல்வி கையை இறக்கவில்லை. முகத்தில் கோபமில்லை. மாலில் வருகிறவர்களைப் போல வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இங்கயே பாத்துரும்மா," என்றாள். "அப்புறம் எல்லாரும் இருக்கிற எடத்துல வச்சுப் பாக்க வேணாம்."

"ஜாவ்" என்று சொன்னால்தான் அவள் உள்ளே வருவாள் என்று மாரிக்குத் தெரிந்தது. நாளெல்லாம் சொல்லிப் பழகிய சொல், வாயில் வரவில்லை.