சனிக்கிழமைக் காட்டை ஆரம்பித்தவன் நான்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேளுங்கள். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் மண் சலிக்கும் கூலியாக நுழைந்தவன், அதே தெருவில் சொந்தமாகப் பவுண்டரி கட்டினேன். ஒருநாள் கரண்ட் போய், காற்று ஊதுகிற இயந்திரம் நின்று, உருகிய இரும்பு உலைக்குள்ளேயே உறைந்துவிட்டது. "இதோட இவன் கதை முடிஞ்சுது" என்று டீக்கடையில் பேசினார்கள். உலையை உடைத்து மறுபடி கட்டினேன். பம்புசெட் செய்தேன். ஈரோட்டு மஞ்சள் தோட்டங்களில் இன்றைக்கும் என் மோட்டார் ஓடுகிறது. பாறை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டேன். மாடி வீடு கட்டினேன். ஊர்க் கோயிலுக்கு மதில் கட்டினேன். எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் இல்லை. கோயமுத்தூரில் ஒரு பாலர் பள்ளியின் மூன்று நான்கு வயதுக் குழந்தைகளைச் சனிக்கிழமைதோறும் காட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கத்தைத் தொடங்கியவன் நான். சென்ற மாதம் அந்தப் பாலர் பள்ளியிலிருந்து ஒருவர் வந்தார். ஆண்டு மலர் அச்சடிக்கிறார்களாம், பம்புசெட்டுக்கு முழுப்பக்க விளம்பரம் வேண்டுமாம். மலர் எப்படி இருக்கும் என்று காட்டச் சில பக்கங்களைக் கொடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். "நமது தாளாளர் அம்மையாரின் சிந்தனையில் உதித்த சனிக்கிழமைக் காடு" என்று போட்டிருந்தது. மேலே படித்தேன், கீழே படித்தேன். என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்த மனிதருக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உதித்ததாமே! அது யார் சிந்தனையிலும் உதிக்கவில்லை. என் பேத்தி கேட்ட கேள்வியில் பிறந்தது.

துடியலூரைத் தாண்டி எனக்கு ஒரு காடு இருக்கிறது. மழையை நம்பி விதைக்கும் நிலத்தை எங்கள் பக்கத்தில் காடு என்றுதான் சொல்வோம். இரண்டாவது ஷெட் போடலாம் என்று வாங்கிப் போட்டது. சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஒரு ஓடை. ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் மகனுடைய பெண்ணை அங்கே கூட்டிப் போனேன். அவளுக்கு அப்போது மூன்று வயது நிறைந்திருந்தது. என்னை அப்பாரு என்று கூப்பிடுவாள். ஓடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"அப்பாரு, மோட்டாரை யாரோ ஆப் பண்ணாமப் போயிட்டாங்க. தண்ணி வீணாப் போகுது."

"இது மோட்டார் இல்ல கண்ணு. மழைத் தண்ணி, தானா ஓடுது."

"பொய் சொல்றீங்க. பைப்பை எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கீங்க."

சொன்னதோடு விடவில்லை. கரையோரமாகப் புதர் புதராக விலக்கிப் பைப்பைத் தேடினாள். முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. பம்புசெட் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, ஓடுகிற தண்ணீர் என்றாலே எங்கேயோ ஒரு சுவிட்சு இருக்க வேண்டும். அவள் படித்த பாலர் பள்ளியில் சுவர் முழுக்க ஆறும் மலையும் குருவியும் படமாக ஒட்டியிருந்தார்கள். படத்தில் இருக்கும் ஆறு ஓடுமா?

அடுத்த வாரமே தாளாளர் அம்மாவைப் போய்ப் பார்த்தேன். குழந்தைகளை என் காட்டுக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"ஷூ எல்லாம் சேறாயிடுங்க. பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க."

"ஷூவைக் கழட்டிப்போட்டு வரட்டுமுங்க. காலு கழுவுனாப் போவுது."

"பாம்பு வந்துதுன்னா?"

"முன்னால நான் நடக்கறனுங்க. வந்தா என்னையத்தான் கடிக்கும்."

"சிலபஸ்ல இதெல்லாம் இல்லீங்களே."

"சிலபஸ்ல நானுந்தான் இல்லீங்க. என்ர பம்பு ஓடலீங்களா?"

கடைசியில் ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட விதத்தைக் கவனியுங்கள். "என்ன ஆனாலும் உங்க பொறுப்புங்க. ஸ்கூலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். அன்றைக்குச் சம்பந்தமில்லாமல் இருந்தது, இன்றைக்கு அவர் சிந்தனையில் உதித்துவிட்டது.

பெற்றோர்களிடம் வீடு வீடாகப் போய்ப் பேசியது நான். வார்ப்புகளை ஏற்றிப் போகும் மெட்டடார் வேனைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்து, குழந்தைகள் பிடித்துக்கொள்ளச் சுற்றிலும் கயிறு கட்டியதும் நான். பக்கத்து லேத் பட்டறைக்காரர் ரோட்டில் நின்று பார்த்தார்.

"ஏனுங்க, காஸ்டிங் லோடு எறக்கிப்போட்டு இப்பக் கொழந்தை லோடுங்களா? டன்னுக்கு என்ன வருதுங்க?"

"உங்க பேரனையும் ஏத்தியுடுங்க. எடை கொறைஞ்சாலும் பரவால்லீங்க."

அந்தப் பேரனும் வந்தான். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

காட்டில் நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேப்பமரத்தடியில் பொடி மண்ணில் குழியானைப் பூச்சி குழி குழியாகப் பறித்து வைத்திருக்கும். குழந்தைகள் குழியைச் சுற்றிக் குந்திக்கொள்ளும். ஒருத்தி துரும்பால் விளிம்பைத் தொடுவாள், மண் சரியும், அடியில் என்னவோ அசையும். "டேய், மூச்சு உடாதடா, அது வருது" என்று ஒன்றையொன்று அதட்டும். மழை பெய்த மறுநாள் என்றால் சிவப்பு வெல்வெட் பூச்சி. உள்ளங்கையில் ஊரவிட்டு, கூசிக் கூசிச் சிரித்து, மறுபடி மண்ணில் விட்டுவிடும். கூட வந்த டீச்சர் "சொல்லுங்க, ஏ பார் ஆன்ட்" என்று ஆரம்பிப்பார். "அம்மணி, சித்த நேரம் சும்மா இருங்க. அதுக பாக்கட்டும்" என்பேன்.

பேச்சு ஊருக்குள் பரவியது. மில்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் அந்தப் பள்ளியில் சேர்ந்தார்கள். பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். ஷெட் போட வாங்கிய இடத்தில் நான் ஷெட் போடவில்லை. மகன் முறைத்தான். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் அந்த விழா. "சனிக்கிழமைக் காடு" என்று பெயர் வைத்து, பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டு, ரிப்பன் வெட்டித் திறக்கப் போவதாகச் சொன்னார்கள். ஏற்கெனவே திறந்து கிடக்கிற காட்டைத் திறப்பானேன் என்று கேட்டேன். நான் ஒரம்பரை, அதாவது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஈரோடு போயிருந்தேன். விழா அன்று காலை நேராகக் காட்டுக்கு வந்து இறங்கினால், அங்கே ஒரு புல் இல்லை.

விருந்தாளி வருகிறார் என்றால் வாசலைப் பெருக்குவது எங்கள் ஊர் வழக்கம். அந்தப் புத்தியோடு காட்டையே பெருக்கியிருந்தார்கள். புதரை வெட்டி எரித்தாயிற்று. வேப்பமரத்துக்குக் காவியும் வெள்ளையும் பட்டை பட்டையாக அடித்தாயிற்று. மரத்தடியில் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, களத்துமேடு மாதிரி இறுக்கியிருந்தார்கள். சுண்ணாம்புக் கோடு, குரோட்டன்ஸ் தொட்டி, சாமியானா. ஓடைப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீருக்குப் பிளீச்சிங் பவுடர்! காட்டின் கேட் சாவியை அவர்களிடம் கொடுத்தது என் மகன்.

"எத்தனை நீட்டாப் பண்ணிப்போட்டாங்க பாருங்கப்பா. நம்ம பவுண்டரி கூட இப்படி இல்லீங்க."

"நீட்டாத்தான் இருக்குது. காட்டைக் காணமே, எங்கடா?"

குழந்தைகளை வெள்ளை சாக்சும் ஷூவும் மாட்டி, கையில் கொடி கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். என்னை மூன்றாவது வரிசையில் உட்காரச் சொன்னார்கள், என் சொந்தக் காட்டில். தாளாளர் அம்மா மைக்கில் "இது என் நெடுநாள் கனவு" என்று ஆரம்பித்தார். என் பேத்தி எழுந்து என்னிடம் ஓடி வந்தாள்.

"அப்பாரு, குழியானை எல்லாம் எங்க போச்சுங்க?"

"கூட்டிப்போட்டாங்க கண்ணு."

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். உலைச் சத்தத்துக்கு நடுவில் பேசிப் பழகிய தொண்டை, எல்லோருக்கும் கேட்டுவிட்டது. லேத் பட்டறைக்காரர் பேரன் "குழியானை செத்துப் போச்சுங்களா?" என்று அழ ஆரம்பித்தான். வரிசை முழுக்க அழுகை தொற்றிக்கொண்டது. நான் எழுந்தேன்.

"வாங்க கண்ணுகளா, அக்கட்டால காட்டுக்குப் போலாம். அதை யாரும் கூட்டலை."

வேலிச் சந்தில் இருந்த படலைத் தூக்கிவிட்டுப் பக்கத்துக் காட்டுக்குள் நடந்தேன். அத்தனை பிள்ளைகளும் பின்னால் வந்தன. டீச்சர்களும் வந்தார்கள். சாக்சைக் கழற்றிவிட்டு மண்ணில் குந்தினோம். மேடையில் இருந்த பெரிய மனிதர் நிகழ்ச்சியில் அதுவும் ஒன்று என்று நினைத்துக் கை தட்டினார். தாளாளர் அம்மா வேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"எல்லாரு முன்னாலயும் இப்படி அவமானப்படுத்திப்போட்டீங்களே!"

"காட்டையே சுரண்டிப் போட்டுட்டு, அவமானம் உங்களுக்குங்களா?"

அதிலிருந்து எனக்கு அழைப்பு இல்லை. ஆனால் கேட்டை நான் ஒரு சனிக்கிழமையும் பூட்டவில்லை. அடுத்த மழையில் புல் வந்தது, மண் இளகியது, குழியானையும் வந்தது. இன்று வரை அவர்கள் பஸ் வந்து நிற்பது என் நிலத்தில்தான். என் பேரைச் சொன்னால் மட்டும் வாய் கோணிக்கொள்கிறது. தெரியாமல் விட்டுப்போனது என்று யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம். விளம்பரம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு என் வீட்டு முகவரி தெரிந்திருந்தது.

தாளாளர் அம்மாவுக்குச் சொல்கிறேன். விளம்பரம் தருகிறேன், நிலமும் குழந்தைகளுக்கு எப்போதும் போலத் திறந்திருக்கும். ஆனால் அச்சேறும் முன் அந்தக் கட்டுரையைத் திருத்துங்கள். "உதித்த" என்பதை எடுங்கள். குழந்தைகளை முதன்முதலில் அழைத்துப் போனவர் ஒரு பவுண்டரிக்காரர், வேன் அவருடையது, நிலம் அவருடையது, வேறு யாரும் ஏற்காத பொறுப்பும் அவருடையது என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள். எழுத்து எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. முதல் வரியில் இருக்க வேண்டும்.