அஞ்சலைக்கு ஒரு சாக்கு இடம்

"...பத்து ஊரு போடுங்க, இருபது ஊரு போடுங்க டெய்லரே. நான் எங்க குந்துறது? அத்த மொதல்ல எழுதுங்க" என்றார் அஞ்சலை.

காலை ஆறரை, தியாகதுருகம் பஸ் நிறுத்தம். சாலையில் மரம் வெட்டிப் போட்ட வருஷம் அது. இடஒதுக்கீட்டு மறியல் ஓய்ந்து பஸ் ஓட ஆரம்பித்து இரண்டு மாதம்தான். எங்கள் ஊர்த்தெருவும் காலனியும் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாங்கள் நாலு பேர் சம்பளமில்லாமல் நடத்தும் சமாதான வகுப்பைப் பத்து ஊருக்குக் கொண்டுபோவதென்று நான் பட்டியல் போட்டிருந்தேன். கல்வராயன் மலையிலும் கூப்பிட்டிருந்தார்கள். அதற்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் பயணம்.

வகுப்பில் பாடம் ஒன்றே ஒன்று: எதிராளி சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் பேசலாம். காலனியிலிருந்து அதை நடத்துபவர் அஞ்சலை மட்டும். கூலி வேலை, கத்தரிப் பேச்சு. மூன்று வாரமாக எங்கள் ஊர் வகுப்புக்கு வரவில்லை; மலைக்கு மட்டும் வர ஒத்துக்கொண்டார். அவர் நின்றுவிட்டால் காலனி வராது. ஊர்த்தெரு மட்டும் கூடிச் சமாதானம் படிப்பது, மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கூடி நிச்சயம் பண்ணுகிற மாதிரி.

கள்ளக்குறிச்சியில் பஸ் மாறினோம். பாடப்படி ஆரம்பித்தேன். "நான் எங்க உட்கார்றதுன்னு கேக்கறீங்க."

"சொல்லிட்டீங்க. பதிலு?"

பட்டியலை விரித்தேன். பிள்ளையார் கோயில் மண்டபம், மாரியம்மன் கோயில் வாசல், பஜனை மடம்... பத்தும் பொது இடம் என்று நானே எழுதியவை. ஒன்றில்கூட அஞ்சலை படியேற முடியாது. மழைக்குப் பயந்து எங்கள் வகுப்பை மண்டபத்துக்கு மாற்றியதும் நான்தான். அன்று அவர் கீழே தூறலில் நின்றே பாடம் நடத்தினார். நான் மேலே உட்கார்ந்து, "நல்லா சொன்னீங்க" என்று பாராட்டினேன்!

கச்சிராயபாளையத்திலிருந்து ஜீப். ஆளுக்கு மூன்று ரூபாய். "சமாதானமா? மலைல சண்ட போடணும்னாலே ரெண்டு மைல் நடக்கணுங்க" என்று சிரித்தார் டிரைவர்.

பதினோரு மணிக்கு வெள்ளிமலைக்கு அருகே ஒரு சிற்றூர். எங்களை அழைத்த சடையன் சாமை அறுத்த காட்டுக்குக் கூட்டிப்போனார். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு சாக்கோடு வந்து, விரித்த இடத்தில் உட்கார்ந்தார்கள்.

"யார் நிலம்?" என்றேன்.

"அறுத்தாச்சு. மறுபடி விதைக்கற வரைக்கும் யாரும் கேக்க மாட்டாங்க."

எங்களிடம் சாக்கு இல்லை. சடையனின் மனைவி தன் சாக்கில் பாதிக்கு நகர்ந்து, மீதியைக் கையால் தட்டினார். "அங்க வெயிலு. இப்படி வாம்மா."

அஞ்சலை உட்கார்ந்தார். அன்று அவர் பாடம் நடத்தியதைப்போல் நான் பார்த்ததில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. புறப்படும்போது அந்தம்மா ஒரு வெறும் சாக்கை மடித்துக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் ஊர்ப் பெயர்களை அப்படியே விட்டுவிட்டு, பத்து இடத்தையும் அடித்தேன். இடத்தை இனி அந்தந்தக் காலனியில் கேட்டுத்தான் எழுத வேண்டும். மலையில் இடம் கேட்கவே தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் கேட்கவே தோன்றவில்லை.

"நம்மூர்ல எந்த இடம், அஞ்சலைம்மா?"

"எந்த இடம்னு கேக்கறீங்க" என்று பாடப்படி சொல்லிவிட்டு, ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ஆறு மணி. ஊருக்கும் காலனிக்கும் நடுவிலுள்ள ஏரிக்கரையில் விறுவிறுவென ஏறினார். "இதுக்கு ஏது படி?" என்று சாக்கை உதறி விரித்தார். ஒரு ஓரமாக உட்கார்ந்து, மீதிப் பாதியைக் கையால் தட்டினார்.