புடவையில் சுற்றி வந்த ஷாஃப்ட்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடி மாதத்தில் ஒரு நாள் அது நடந்தது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உள்ள ஒரு சின்ன பரிசோதனைக் கூடத்தில் அப்போது நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். சுற்றிலும் உள்ள உருக்காலைகளிலிருந்து கட்டடக் கம்பி, தகடு, போல்ட் என்று தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். அவற்றை இழுத்துப் பார்ப்போம், வளைத்துப் பார்ப்போம், சம்மட்டியால் அடித்தும் பார்ப்போம். எவ்வளவு பாரம் வரை தாங்குகிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். "நல்லா இருக்கறதை உடைக்கிறதுக்குச் சம்பளம் வாங்கறவ நீ ஒருத்திதான்" என்று என் கணவர் கேலி செய்வார். சோழவரத்திலிருந்து தினமும் நெடுஞ்சாலையில் போய் வருகிற அலுப்பைத் தவிர, எனக்கு இந்த வேலையில் எந்தக் குறையும் இருந்ததில்லை.

அன்று காலை டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். கேட்டிலிருந்து காவலாளி போன் செய்தார்.

"மேடம், ஒரு அம்மா வந்து குந்திகினு கீறாங்க. புடவையில நீட்டா இன்னாவோ சுத்தி வெச்சிகினு கீறாங்க. இரும்பு டெஸ்ட் பண்ணணுமாம். அனுப்பட்டா?"

எங்களிடம் கம்பெனி ஆட்கள்தான் வருவார்கள். தனியாக ஒரு பெண் எதையாவது தூக்கிக்கொண்டு வந்து நான் பார்த்ததில்லை. வரச் சொன்னேன்.

நாற்பது வயது இருக்கும். நல்ல உயரம். குழந்தையைத் தோளில் போட்டிருப்பதுபோல அந்தப் பொட்டலத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தார். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து வருவதாகச் சொன்னார். பொன்னேரி வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ரயில் பிடித்திருக்கிறார். "ரயில்ல எல்லாரும் இதைப் பாத்துட்டு தள்ளித் தள்ளி குந்திகினாங்கோ மா" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் மேஜை மேல் புடவையைப் பிரித்தபோது முகத்தில் சிரிப்பில்லை.

உள்ளே ஒரு முழத்தை விடக் கொஞ்சம் நீளமாக ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தண்டு. ஒரு முனை உடைந்திருந்தது.

"எங்க போட்டு ஷாஃப்ட்டு மா இது. என் தம்பி ஒடச்சானா, இல்ல அதுவா ஒடஞ்சிச்சானு நீ பாத்துச் சொல்லணும்."

படகின் இன்ஜினையும் தண்ணீருக்குள் சுற்றும் விசிறியையும் இணைக்கிற தண்டுதான் ஷாஃப்ட். அது உடைந்தால் இன்ஜின் எவ்வளவு ஓடினாலும் படகு நகராது. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, என்ன நடந்தது என்று கேட்டேன்.

அவருடைய கணவரும் தம்பியும் ஒரே ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர்கள். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலை, மீன் ஏற்றிக்கொண்டு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். படகை ஓட்டியது தம்பி. திடீரென்று ஷாஃப்ட் உடைந்துவிட்டது. அலை படகைத் தூக்கி, கரையில் கொட்டியிருந்த பாறாங்கற்கள் மேல் மோதியிருக்கிறது. கல்லுக்கும் படகுக்கும் நடுவில் கணவரின் கை சிக்கி எலும்பு முறிந்துவிட்டது. பின்னால் வந்த படகுக்காரர்கள் கயிறு போட்டு இழுத்து வந்து இருவரையும் கரை சேர்த்திருக்கிறார்கள்.

மணல் திட்டில் ஏற்றி, வேகத்தைக் கூட்டி, தம்பிதான் உடைத்தான் என்பது கணவரின் பேச்சு. திட்டுப் பக்கமே போகவில்லை என்பது தம்பியின் பேச்சு. இருவருக்கும் வார்த்தை முற்றிவிட்டது. தம்பி இப்போது வேறொருவர் படகில் ஆளாகப் போகிறான். அக்கா வீட்டு வாசலை மிதிப்பதில்லை.

"ஆவணியில பெரியபாளையத்து அம்மன் கோயில்ல சின்னவளுக்கு மொட்டை போட்டு காது குத்தணும்னு வேண்டுதல் மா. அவன் மடியே வேணாம்னு சொல்றாரு எங்க ஊட்டுக்காரரு. எம்பொண்ணுக்கு தாய்மாமன் கல்லு மாதிரி உயிரோட கீறான். யாரோ ஒருத்தர் மடியில குந்த வெச்சி குத்தறதா, நீயே சொல்லு."

எங்கள் கூடத்தைப் பற்றி எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

பக்கத்துக் கம்பெனியில் வேலை செய்யும் அவர்கள் குப்பத்துப் பெண் ஒருத்தி, இரும்பு நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்கிற இடம் ஒன்று இருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். உடனே வீட்டுக்காரருக்குத் தெரியாமல் ஷாஃப்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவர் எட்டிப் பார்த்து அந்த அம்மாவையும் மேஜை மேல் கிடந்த புடவையையும் ஒரு பார்வை பார்த்தார். "சாப்பாட்டு நேரத்துல பண்ணிக் குடும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆரம்பிக்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று எனக்குப் பட்டது. "அக்கா, நான் பார்த்ததைத்தான் சொல்வேன். உங்க தம்பி மேலதான் தப்புன்னு வந்தா அதையும் சொல்லிடுவேன். பரவாயில்லையா?"

அவர் புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"சொல்லு மா. ரெண்டு பேரு மூஞ்சியையும் பாத்துகினு தெனம் தெனம் சாவறதுக்கு அது மேலு."

தண்டின் உடைந்த முகத்தை நன்றாகத் துடைத்து, விளக்கடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓடுகிற வேகத்தில் எதிலோ மாட்டி ஒரே அடியில் உடைந்திருந்தால், இந்த எஃகு முறுக்கிக்கொண்டிருக்கும், இல்லை வளைந்திருக்கும். உடைந்த இடம் முழுக்கச் சொரசொரவென்று இருக்கும். ஆனால் இந்தத் தண்டு நூல் பிடித்தாற்போல நேராக இருந்தது. உடைந்த முகத்தில் பெரும்பகுதி வழுவழுப்பாக, பழுப்பேறிக் கிடந்தது. அதில் ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, ஒன்றுக்குப் பின் ஒன்றாக வளைவு வளைவாக மெல்லிய கோடுகள். எதிர் ஓரத்தில் மட்டும், கட்டைவிரல் நகம் அளவுக்கு, பளபளவென்று புது உடைப்பு.

அந்த அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணை வைத்துப் பார்த்தவர், "இன்னா மா இது, அலை வந்துட்டுப் போன மணலு மாதிரி கீது!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் தொழிலில் அதற்குக் கடற்கரைக் கோடுகள் என்றுதான் பெயர். கண்ணுக்குத் தெரியாத ஒரு விரிசல் எங்கோ தொடங்கி, ஷாஃப்ட் சுற்றச் சுற்ற உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது. நகர்ந்து நின்ற இடங்கள்தான் அந்தக் கோடுகள். பல மாதம் ஓடியிருக்க வேண்டும். கடைசியில் அந்த நகம் அளவு எஃகுதான் பாரத்தையெல்லாம் தாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. அன்று அதுவும் விட்டுவிட்டது.

"அப்ப எந்தம்பி ஒடைக்கல?"

"இல்லக்கா. அன்னிக்கு மணல்ல மாட்டி உடைஞ்சது இல்ல இது."

அவர் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன், விரிசல் எங்கே தொடங்கியது என்று பார்க்கும் வரை. இன்ஜின் பக்க இணைப்பைப் பொருத்துவதற்காக ஷாஃப்ட்டில் நீளமாக ஒரு பள்ளம் வெட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளத்தின் மூலை கத்தி போலக் கூராக இருந்தது. கோடுகள் எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட்டிருந்தன.

"இந்தப் பள்ளம் முன்னாடியே இருந்ததாக்கா?"

"போன வருசம் பூட்டறது லூசாயிச்சினு எங்க ஊட்டுக்காரருதான் பட்டறையில குடுத்து வெட்டிகினு வந்தாரு." சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. "ஐயோ, அப்ப பழி அவரு தலையில வந்து வுழுதா?"

தம்பியை விடுவிக்கப் போய், கை உடைந்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனிதரைக் குற்றவாளி ஆக்கிவிட்டோமோ?

"ஷாஃப்ட்டை இங்கயே விட்டுட்டுப் போங்க. எஃகோட பலத்தையும் பார்த்துடறேன். அடுத்த வாரம் அவரையும் கூட்டிட்டு வர முடியுமா?"

"வரணும் மா. நான் சொன்னா, தம்பிக்கு பரிஞ்சிகினு பேசறேன்னு சொல்லுவாரு. அவரே கண்ணால பாக்கட்டும்."

அந்த வாரம் முழுக்க வேலையின் நடுவே அந்த ஷாஃப்ட்டே நினைவில் ஓடியது. ஒரு துண்டை வெட்டிக் கடினத்தன்மை பார்த்தேன். எஃகில் ஒரு குறையும் இல்லை. இழுத்துப் பார்ப்பதற்காக இன்னொரு துண்டைக் கடைந்து தயாராக எடுத்து வைத்தேன். அதை அக்காவின் கணவர் முன்னால்தான் இழுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

சொன்னபடியே வந்தார்கள். கணவர் கட்டுப்போட்ட கையோடு, வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தார். நான் வணக்கம் சொன்னதற்கு லேசாகத் தலையாட்டினார். "கடல்ல நடந்ததை இந்த ரூமுல குந்திகினு எப்பிடி மா கண்டுபுடிப்பீங்கோ?" என்றார். கோபம் இல்லை. நம்பிக்கை இல்லாத குரல், அவ்வளவுதான்.

"நானும் கடலுக்கு வந்ததில்லண்ணே. இரும்பை மட்டும்தான் எனக்குத் தெரியும். அதை உங்களுக்குக் காட்டறேன், நீங்களே சொல்லுங்க."

இருவரையும் கம்பி வலைத் தடுப்புக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, துண்டின் இரு முனையையும் இழுக்கிற மெஷினின் பிடிகளில் மாட்டினேன். மெஷின் மெதுவாக இழுக்கத் தொடங்கியது. முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு எஃகு நீளும். ஒரு கட்டத்தில் நடுவில் இடுப்பு போலச் சிறுத்துக்கொண்டே வரும்.

"ஏ, இழுவுது பாரு! ஜவ்வு மாதிரி இழுவுது!" என்று அக்காவின் கணவர் வலையைப் பிடித்துக்கொண்டார்.

டமாரென்று அறுந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டார்.

அறுந்த துண்டை ஆறவிட்டு அண்ணன் கையில் கொடுத்தேன். "நல்ல எஃகை பலமா இழுத்து ஒரேயடியா அறுத்தா இப்படித்தான் இருக்கும். நீண்டு, சிறுத்து, சொரசொரன்னு. இப்ப உங்க ஷாஃப்ட்டைப் பாருங்க."

அவர் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். கோடுகளைப் பற்றி நான் விளக்க விளக்க, நகத்தால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்து, பள்ளத்தின் மூலையில் நிறுத்தினார். நான் அதைச் சொல்வதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். தேவைப்படவில்லை.

"இது நான் வெட்டச் சொன்னது" என்றார்.

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இந்த மூலை கூரா இருந்தா இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. வெளியிலிருந்து பார்த்தாலும் விரிசல் தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு பேருமே அந்தப் படகுல ஏறியிருக்க மாட்டீங்க. போன வருஷத்துலருந்து படகை யாரு ஓட்டினது?"

"ஒரு நாளு நான். ஒரு நாளு அவன்."

"அப்ப இந்தக் கோட்டுல பாதி நீங்க ஓட்டினப்ப வந்தது. பாதி அவர் ஓட்டினப்ப வந்தது."

அவர் ஷாஃப்ட்டை மேஜை மேல் வைத்தார். கட்டுப்போட்ட கையை மற்றக் கையால் தாங்கியபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, எங்களிடம் சொல்வதுபோல் இல்லாமல், மெல்லச் சொன்னார்: "கடசி நாளு அவன் கையில இருந்துச்சு. அவ்ளோதான்."

வெளியே வராண்டாவுக்குப் போனார். என்ன செய்யப் போகிறாரோ என்று நாங்கள் இருவரும் வாசல் வரை போய் நின்றோம். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, ஒற்றைக் கையால் தட்டுத்தடுமாறி நம்பரைத் தேடினார். உதவிக்குப் போன மனைவியைப் பார்வையாலேயே நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் எடுத்ததும் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டேய்… நான்தான். எங்க கீற?" தொண்டையைச் செருமிக்கொண்டார். "துன்ட்டியா?"

சாப்பிட்டாயா என்று மட்டும்தான் கேட்டார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, இவர் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "சாயங்காலம் ஊட்டுக்கு வா. அக்கா நெத்திலி கொழம்பு வெக்கிறா" என்று சொல்லி வைத்துவிட்டார். காலையில் கிளம்பும்போது நெத்திலி வாங்கும் திட்டம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றும் சரியாகத் தெரியாது.

போகும் முன் அண்ணன் என்னிடம் வந்து, புது ஷாஃப்ட்டில் பள்ளத்தை எப்படி வெட்ட வேண்டும் என்று கேட்டார். மூலையைக் கூராக விடாமல் உருட்டி வெட்ட வேண்டும் என்று படம் வரைந்து கொடுத்தேன். குப்பத்தில் மற்றப் படகுக்காரர்களுக்கும் காட்டுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

ஆவணி ஞாயிறு ஒன்றில் பெரியபாளையத்துக்கு வரச் சொல்லி அக்கா போன் செய்தார். என் கணவரையும் அழைத்துக்கொண்டு போனேன். வேப்பிலையும் மஞ்சளும் மணக்கிற அந்தக் கூட்டத்தில் அவர்களைக் கண்டுபிடிப்பதற்குள் வியர்த்துக் கொட்டிவிட்டது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு வாண்டு, கறுத்து உயர்ந்த ஓர் இளைஞன் மடியில் உட்கார்ந்து வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அவன் குழந்தையை விட அதிகமாகப் பயந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தான். கட்டு அவிழ்த்த கையால் குழந்தையின் தலையை அசையாமல் பிடித்திருந்தார் அண்ணன். "கண்ணைத் தொறடா, உனக்கா குத்தறாங்கோ?" என்று மச்சானை அதட்ட, சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

எத்தனையோ கம்பெனிகளுக்கு எத்தனையோ ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அவை எங்கே போயின, யாருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிந்ததில்லை. இது ஒன்றில்தான் முடிவை என் கண்ணாலேயே பார்த்தேன். அதற்குப் பிறகு, வீட்டிலோ வேலையிடத்திலோ ஏதாவது கெட்டுப்போனால், யார் செய்தது என்று கேட்க வாய் திறக்கும்போதே ஒரு நிமிடம் நின்று, இது எப்போதிலிருந்து இப்படி இருந்தது என்று பார்க்கப் பழகிக்கொண்டேன். அந்த ஒரு நிமிடத்தால் எங்கள் வீட்டில் எழாமல் போன சண்டைகளை நினைத்தால், முன்பின் தெரியாத என்னை நம்பி ரயிலேறி வந்த அந்த அக்காவுக்கு நான்தான் கடமைப்பட்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.